எழுத்தாளர் இணையதளம்: முகவரியும் பழைய எழுத்துருவும் குறித்துச் சில ஐயங்கள்

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் சிறுகதைகள் பெரும்பாலும் சிற்றிதழ்களில் வந்தவை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்து வாசகர்கள் பழைய கதைகளைக் கேட்கும்போதெல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சலித்துவிட்டதால், என் பெயரில் ஓர் இணையதளம் தொடங்க எண்ணியிருக்கிறேன்.

முகவரியைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டுமென்றால் அதிலும் ஒரு சிக்கல்: என் பெயரில் ழகரம் உண்டு. இங்கே அதை இசட், எச் போட்டு எழுதுவது வழக்கம். வாளையாறு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போனால் பலர் எல் போட்டு எழுதுகிறார்கள். அடுத்து, கதைகள் எல்லாம் டிடிபி கடையில் வானவில் எழுத்துருவில் அடித்தவை. தளத்தில் ஒட்டிப் பார்த்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. நான்கு கதைகளைத் தோழி ஒருவர் மலையாளத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். அவற்றையும் அதே தளத்தில் இடலாமா?

வேலந்தாவளத்தான்:

டீச்சருக்கு வணக்கம். ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் முகவரிகள் கிடைக்கின்றன. ஆனால் உள்ளே அவை எக்ஸ்-என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே இயங்குவதால், நீங்கள் அனுப்பும் இணைப்பு சில இடங்களில் அந்தக் கோவையாகவே தெரியும். வாசகர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடமாட்டார். ஆங்கில எழுத்தில் டாட் காம் அல்லது டாட் இன் வாங்குங்கள். ழகரத்துக்கு இரண்டு வடிவத்தையும் வாங்கி, எல் வடிவத்தைத் தட்டினால் மற்றதற்குப் போகும்படி திருப்பிவிடலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையில் மயங்காமல், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குவது நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டொமைன், அதாவது தள முகவரி, உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவாக வேண்டும். என் கவிதைத் தளத்தை அமைத்துக் கொடுத்த தம்பி தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் அவருடைய பழைய பெட்டியில் கிடந்தன. காலாவதியாகி நீக்கப்பட்ட டாட் காம் பெயரைக் கூடுதல் கட்டணம் செலுத்தி மீட்க 30 நாள் அவகாசம் உண்டு என்பது, அதுவும் கடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்று அந்த முகவரியில் ஏதோ சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. என் தொகுப்பின் பின்னட்டையிலோ அதே முகவரிதான் அச்சாகியிருக்கிறது.

தளத்துக்குத் தொடக்கத்தில் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கர் போதும். சொந்த டொமைனை இணைக்க அதில் தனிக் கட்டணம் இல்லை. அதுபோன்ற மற்றொரு சேவையான வேர்ட்பிரஸ் டாட் காமில் கட்டணத் திட்டம் எடுத்தால்தான் முடியும்.

செங்கோட்டை மெய்ப்புக்காரர்:

எழுத்துரு பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் தொழில். வானவில், பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் ஆங்கிலம் வெளிப்பட்டுவிடும். கோப்பை, எல்லாக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. எந்த எழுத்துரு என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நொடியில் மாறிவிடும்.

வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அச்சில் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரத்தையும், ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையும் அடித்திருப்பார்கள். மாற்றிய பிறகு ‘காரணம்’ சில இடங்களில் ‘கரரணம்’ என்றே நிற்கும். ‘ஔவை’ என்பது ‘ஒ’, ‘ள’, ‘வை’ என மூன்று எழுத்தாகக் கிடக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. பிடிஎஃப் கோப்பாக ஏற்றி ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலும் தமிழில் தேட முடியாது.

மீனாட்சிபுரம் வாசகி:

மலையாளக் கதைகளைத் தாராளமாக இடலாம். ஒரே பக்கத்தில் கலக்காமல் தனிப்பக்கமாக வைத்து, இரண்டுக்கும் இணைப்புக் கொடுங்கள். ஆனால் மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை மொழிபெயர்த்தவருக்கு உரியது. தோழியே ஆனாலும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இதழில் வந்த கதைகளை, உரிமையை எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்காதவரை, நீங்கள் வெளியிடலாம். கதைகள் தொகுப்பு நூலாகவும் வந்திருந்தால், பதிப்பாளரோடு செய்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். உரிமையை மாற்றிக் கொடுத்து அதில் காலவரையறை குறிப்பிடாமல் இருந்தால், சட்டப்படி அது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

மூவருக்கும் நன்றி. இரண்டு முகவரிகளும் என் பெயரிலேயே பதிவாகிவிட்டன. ஒப்பந்தத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு ஒரு கதையை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, நாயகியின் பெயரான ‘கௌரி’ என்பதைத் தேடினேன். ஓரிடத்திலும் இல்லை. மெய்ப்புக்காரர் ஐயா சொன்னபடி ‘கெ’, ‘ள’, ‘ரி’ என்று தனித்தனியாக அடித்துத் தேடியபோது 43 இடங்களில் வந்து நின்றாள்.