மறு: கிக்பேக்குக்குத் தமிழ்: பின்னுதைப்பா, எகிறலா?

குழுவினருக்கு வணக்கம்.

மரம் அறுக்கும் செயின்சாவுக்கு நாம் தயாரிக்கும் கையேட்டுச் சொற்பட்டியலில் மற்றதெல்லாம் ஓரளவு ஒப்பேறிவிட்டது. அறுக்கும்போது மெஷின் திடீரென்று ஆளை நோக்கித் திரும்பி அடிக்கிறதே, அந்தக் கிக்பேக்குக்கான சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. நேற்று வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

> துப்பாக்கிக்குப் பின்னுதைப்பு என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, அதுவே போதாதா?

நல்ல சொல்தான். ஆனால் துப்பாக்கி தோளைப் பார்த்து நேராக இடிக்கும். செயின்சா அப்படியில்லை. செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடுதான் பார். அதன் மூக்கை வலப்பக்கமாக வைத்துக் கடிகாரம் போல நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே இருக்கிற வளைவுதான் வில்லங்கம். அங்கே செயின் முன்னோக்கிப் போய்க் கீழே இறங்குகிறது. அந்த இடம் ஒரு கட்டையில் பட்டால் பல் கடித்து நின்றுவிடும், ஓடிவந்த வேகம் முழுக்க பாரின் மேல் திரும்பும். மூக்கு மேலே கிளம்பி, அரைவட்டமாக அறுப்பவரின் முகத்துக்கு வரும். கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகாது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பேராவூரணிப் பக்கம் எங்கள் தோப்பிலும் தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வாடகைக்கு ஒரு மெஷின் எடுத்து மச்சான் அறுத்துக்கொண்டிருந்தார். மரத்தின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்த மூக்கு, பின்னால் கிடந்த இன்னொரு தென்னையில் பட்டது. பார் விருட்டென்று மேலே வந்தது. இடது கை மணிக்கட்டு முன்தடுப்பில் இடித்து பிரேக் விழுந்ததால் செயின் நின்றது. நெற்றிக்கும் செயினுக்கும் ஒரு சாண் இருந்திருக்கும். மெஷினைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: “எகிறிருச்சுடா.” அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சொல் தேடி நான் எங்கேயும் போகவில்லை. எகிறல் அங்கேயே கிடந்தது.

> எகிறு தெலுங்கு வாடை அடிக்கிறது. துள்ளல், திமிறல் இவற்றைப் பரிசீலிக்கலாமே?

தெலுங்கில் ‘எகுரு’ உண்டு, உறவுச் சொல்தான். இருந்துவிட்டுப் போகட்டும். விலை எகிறுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். சட்டென்று, மேல்நோக்கி, நம் பிடியை மீறி என்ற மூன்றும் அந்த ஒரு வினையில் இருக்கின்றன. துள்ளலில் கன்றுக்குட்டி தெரிகிறது, எச்சரிக்கைப் பலகையில் அது வேண்டாம். திமிறல் பக்கத்தில் வருகிறது. ஆனால் திமிறுவதற்கு நேரம் பிடிக்கும், இது அந்த நேரத்தைத் தருவதில்லை.

கூட்டுச்சொல் எப்படி அமைகிறது என்றும் போட்டுப் பார்த்தேன். மூக்கின் அந்த ஆபத்தான கால்வட்டம் ‘எகிறுமுனை’. பாதுகாப்புக் கண்ணி வைத்த செயின் ‘எகிறல் குறைந்த செயின்’. இதையே ‘குறை பின்னுதைப்புச் சங்கிலி’ என்று எழுதினால் கடைக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

> மெஷின்களை ஒப்பிடும் பகுதிக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒப்பிடும்போது எல்லாரும் சிசி கேட்கிறார்கள், எகிறலைக் கேட்பதில்லை. அதனால்தான். பெட்டியில் 58 சிசி என்று போட்டு 22 அங்குல பாருடன் மலிவாக வரும் மெஷின்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. தென்னை ஓர் அடி விட்டம் என்றால், அதில் 22 அங்குல பார் முக்கால் அடிக்கு மேல் மறுபுறம் நீட்டிக்கொண்டு நிற்கும். புயலில் விழுந்த தோப்பில் அந்த முக்கால் அடிதான் எமன்.

நான் கைவைத்ததில் மதிப்புக் குறைவாகப் பேசப்படுவது 30 சிசி சின்ன மெஷின்தான். ஸ்டில் எம்எஸ் 180 போன்றது, 31.8 சிசி. “இதுவா, கிளை கழிக்கத்தான் ஆகும்” என்று ஓரங்கட்டுவார்கள். 14 அல்லது 16 அங்குல பார் போட்டால் தென்னைக்கு அது தாராளம். மூக்கு சின்னது, பல்லும் தாழ்ந்தது, எகிறினாலும் கைக்கு அடங்குகிறது. நாள் முழுக்கக் குனிந்து அறுக்கும்போது எடை குறைவின் அருமை சாயங்காலம்தான் தெரியும். குறை இல்லாமல் இல்லை. தென்னை நார், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழற்றி நோண்ட வேண்டும். இரண்டடிப் புளிய மரத்தின் அடிக்கட்டைக்கு இதை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே 60 சிசிதான் சரி.

பேட்டரி மெஷின் சத்தமில்லை, விசையை விட்டதும் செயின் நிற்கிறது, வேப்பங்கிளை கழிக்க அருமை. ஆனால் ‘பேட்டரி எகிறாது’ என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. எகிறும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு வெட்டுப்பல்லுக்கும் முன்னால் ஒரு குட்டிப்பல் நிற்கிறது. வெட்டுப்பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதற்கு ‘மட்டப்பல்’ என்று வைத்திருக்கிறேன். வெட்டுப்பல்லைவிட அது 0.65 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தால் போதும். வேகமாக அறுக்கட்டும் என்று அதை அரத்தால் இன்னும் தேய்த்துவிடுகிறவர்கள், எகிறலையும் சேர்த்துத்தான் கூட்டுகிறார்கள்.

> யாழ்ப்பாணத்தில் ரம்பத்தை வாள் என்றுதான் சொல்வோம். சங்கிலிவாள் என்றே எழுதலாமே?

தாராளமாக. ரம்பமா வாளா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, இரண்டையும் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, பின்னுதைப்பைத் தூக்கி எறிய வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் கிக்பேக் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விபத்துகள் ஒளிந்திருக்கின்றன. மூக்கு பட்டு மேலே வருவது ஒன்று. பாரின் மேல்விளிம்பால் அறுக்கும்போது வெட்டு மூடிக்கொண்டு செயினை நெரித்தால், மெஷின் நேராக ஆளை நோக்கித் தள்ளும். அது இன்னொன்று. இந்த இரண்டாவதற்குப் பின்னுதைப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது, துப்பாக்கி மாதிரியே நேர்கோட்டில் வருவதால். ஆக முதலாவது எகிறல், இரண்டாவது பின்னுதைப்பு. நிற்க வேண்டிய இடமும் தப்பிக்கிற வழியும் வேறு வேறு என்பதால், சொல்லும் வேறாக இருப்பது அறுப்பவருக்கு நல்லது.

வெட்டு மூடிக்கொள்வதை எங்கள் பக்கம் “மரம் கடிச்சுக்கிச்சு” என்பார்கள். ‘கடிப்பு’ என்று பட்டியலில் போடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?