ஷிம் ஷாம் வகுப்பில் வரலாற்றை எங்கே நுழைப்பது?

ஹட்சன்கரை:
நியூஜெர்சியில் இருக்கிறேன், நியூயார்க் கறுப்பின மக்களிடம் பிறந்த ஜோடி நடனமான லிண்டி ஹாப் ஆடத் தொடங்கி ஆறு வருடம். அடுத்த மாதம் ஊர் நூலகத்தில் புதியவர்களுக்கு, அதே மரபில் வந்த ஷிம் ஷாம் என்ற வரிசை நடனத்தைச் சொல்லித்தரக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம்தான். நான் முதலில் கற்ற இடத்தில் "பழைய காலத்து ஜாலி டான்ஸ்" என்றதோடு சரி, கறுப்பின மக்கள் பேச்சே வரவில்லை. அந்தத் தப்பை நானும் செய்யக் கூடாது. ஆனால் பத்து நிமிடம் பேசினால் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். அதுவும் நான் அந்த மரபுக்கு வெளியாள். என்ன செய்யலாம்?

பாதிச்செருப்பு:
தனியாகப் பேசாதீர்கள். அசைவோடு ஆளையும் சொல்லுங்கள். ஷிம் ஷாம் 1920களின் கடைசியில் லெனர்ட் ரீடும் வில்லி பிரையன்ட்டும் டாப் (tap, காலணியால் தாளம் தட்டி ஆடுவது) மேடைக்குக் கட்டியது. கடைசியில் ஷார்ட்டி (குள்ள) ஜார்ஜ் என்ற அசைவு வருமில்லையா? முட்டியை மடக்கி நடந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். அப்போதே சொல்லிவிடுங்கள்: அந்தப் பெயருக்குரியவர் ஜார்ஜ் ஸ்னோடன், நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெமின் சவாய் பால்ரூம் என்ற நடனக் கூடத்தின் நட்சத்திரம், ஐந்தடி உயரம்தான். நான் அப்படிச் சொன்ன நாளில் ஒரு பாட்டி மறுபடி ஆடிக் காட்டச் சொன்னார். லிண்டி ஹாப் கலைஞர் ஃபிராங்கி மேனிங் மேடை வாய்ப்பு வற்றியபின் முப்பது வருடம் தபால் துறையில் வேலை பார்த்ததைத் தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் சொல்லலாம்.

மழைக்குருவி:
கலைக்கு ஏது நிறம்? ரசித்து ஆடினால் போதாதா?

பாதிச்செருப்பு:
ரசித்துத்தான் ஆடணும். ஆனால் பிக் ஆப்பிள் என்ற வட்ட நடனத்தின் கதை தெரியுமா? தென் கரோலினாவின் கொலம்பியாவில் பழைய யூத ஆலயக் கட்டடம் ஒன்று கறுப்பர்களின் கிளப்பாக இருந்தது. 1936ல் வெள்ளை மாணவர்கள் காசு கொடுத்து மாடத்தில் உட்கார்ந்து அவர்கள் ஆடுவதைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் நியூயார்க் ராக்ஸி தியேட்டரில் அதை ஆடிக்காட்ட மேடையேறியது அந்த ஊர் வெள்ளை மாணவர்கள். நிறம் பார்த்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.
ஹட்சன்கரை, நீங்கள் பக்கத்தில்தானே? சவாய் இருந்தது லெனக்ஸ் அவென்யூவில், 140க்கும் 141க்கும் நடுவே. 1926ல் திறந்து 1958ல் மூடியது. இப்போது குடியிருப்பு, ஒரு நினைவுப் பலகை மட்டும் உண்டு. போய்ப் பாருங்கள்.

ஹட்சன்கரை:
சனிக்கிழமை 135ஆம் தெரு ஸ்டேஷனில் இறங்கி நடக்கிறேன். இரண்டாவது வகுப்புக்கு ஹார்லெமிலிருந்து ஒரு கறுப்பின ஆசிரியரை அழைத்து, எனக்குத் தருவதைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று நூலகத்தில் கேட்டேன். "பார்க்கலாம்" என்கிறார்கள்.