‘கியூ’வுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பெரிய மேடை நிகழ்ச்சிகளின் பின்னணி வேலையைச் சொல்லித்தரும் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். அடுத்த திங்கள் முதல் வகுப்பு. ட்ரஸ் (விளக்குகளைத் தாங்கும் உலோகச் சட்டம்) ஏற்றுவது, மின்னிணைப்பு, ஒலி, கூட்டப் பாதுகாப்பு எல்லாம் ஒருவழியாக முடிந்தன. ஒரு சொல் மட்டும் இடறுகிறது: கியூ (cue).

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நிகழ்ச்சி ஓடும்போது ஒருவர் நிரலைக் கையில் வைத்துக்கொண்டு ஹெட்செட்டில் பேசிக்கொண்டே இருப்பார். அவரை ஷோ காலர் என்கிறார்கள். விளக்கு, ஒலி, எல்.இ.டி. திரை, மேடை லிஃப்ட், பைரோ (மேடை வாணவெடி) என்று எது எப்போது மாற வேண்டுமோ அந்தந்த மாற்றத்துக்கு ஓர் எண் உண்டு. ‘விளக்கு 23, ஸ்டேண்ட்பை’ என்று முதலில் எச்சரிப்பார். விளக்குக்காரர் கேட்டுவிட்டதாகத் திருப்பிச் சொல்வார். சரியான நொடி வந்ததும் ‘விளக்கு 23, கோ’. அந்த 23தான் கியூ. மாற வேண்டிய கணமும் மாற்றமும் அதைச் சொல்லும் குரலும் மூன்றும் ஒரே பெயரில் நடக்கின்றன.

‘கியூ’ என்றே விட்டுவிட்டால் நம் வாசகருக்கு அது வரிசை. ‘கியூவைத் தவறவிடாதே’ என்று படித்தால் மாணவர் நுழைவாயிலைத்தான் நினைப்பார். அடுத்த இயலே கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது பற்றியது. ‘குறிப்பு’ என்று போட்டுப் பார்த்தேன். ஒத்திகைக் குறிப்பு, இயக்குநர் குறிப்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே பக்கந்தோறும் கிடக்கிறது. ‘சமிக்ஞை’ வேண்டாம் என்று வகுப்பு நடத்துபவர் சொல்லிவிட்டார். அவருக்கே வாயில் நுழையவில்லையாம்.

உதவுங்கள்.

புலவர், திங்கள் மாலை

அன்புள்ள அம்மா,

ஏவல் என்று வையுங்கள். ‘ஏ’ என்றால் அம்பு. அதிலிருந்து ஏவு, ஏவல், ஏவுகணை. ஒருவர் சொல்ல இன்னொருவர் செய்வதை இலக்கணமே ஏவல் என்கிறது. விகுதி இல்லாமல் பகுதி மட்டும் நின்றாலே அது ஏவல்தான். நட, வா, மடி, சீ, விடு, கூ என்று தொடங்கி நன்னூலார் எடுத்துக்காட்டுப் பட்டியல் ஒன்று தருகிறார். அதில் எத்தனை சொற்கள் தெரியுமா? 23. உங்கள் விளக்கு எண்ணும் 23. கண்டதும் மனம் குளிர்ந்துவிட்டது.

‘விளி’யையும் எண்ணிப் பார்த்தேன். அழைத்தல் என்ற பொருளில் மிகப் பொருத்தம், தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே உண்டு. ஆனால் விளிதல் என்றால் இறத்தலும் ஆகும். உயரத்தில் ஏறி வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்து ‘விளி 23’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷோ காலர், திங்கள் இரவு

> ஏவல் என்று வையுங்கள்.

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக அந்த ஹெட்செட்டில் பேசுபவள் நான். ஏவல் ஒத்துவராது. பைரோ இருக்கும் மேடையில் ‘ஏவு’ என்ற ஓசை காதில் விழுந்தாலே பைரோக்காரர் கை பொத்தானுக்குப் போகும். சொல்லப்பட்டது விளக்குக்கா அவருக்கா என்று யோசிக்கவே நேரம் இருக்காது. இன்னொன்றும் உண்டு. ஏவல், பில்லி, சூனியம் என்று சேர்த்துச் சொல்லியே பழகிய காதுகள் நம்முடையவை. வகுப்பில் முதல் நாளே அது பேச்சாகிவிடும்.

தயவுசெய்து சொல்லை வாயால் சொல்லிப் பாருங்கள். ஸ்பீக்கர் அலறும் இடத்தில், ஒரு காதில் ஹெட்செட்டோடு நிற்பவனுக்கு அது கேட்க வேண்டும்.

பொறியாளர், செவ்வாய் காலை

ஏவலை இவ்வளவு எளிதில் கைவிட வேண்டாம். மந்திரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக ஒரு நல்ல சொல்லைத் துறந்தால் நமக்கு எது மிஞ்சும்? கணினி என்று எழுதத் தொடங்கியபோதும் யாருக்குப் புரியும் என்றுதான் கேட்டார்கள். பழகினால் புரியும். பழக்க வேண்டியது கையேட்டின் கடமை. ‘எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள்’ என்பதையே விதியாக்கினால் கையேட்டைத் தமிழில் எழுதுவதே தேவையில்லை.

‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொடங்கி, கியூவை அப்படியே வைக்கலாம் என்று யாராவது வருவீர்கள். வடவெழுத்தை நீக்கி ஏற்கலாம் என்ற அந்தத் தொல்காப்பிய நூற்பா வடசொல்லுக்குச் சொன்னது. எல்லாப் பிறமொழிக்கும் நீட்டிய உரிமைச்சீட்டு அல்ல.

புலவர், செவ்வாய் காலை

பொறியாளர் தம்பிக்கு: விதி வடசொல்லுக்கு என்பது சரி. ஆனால் அதன் உள்ளக்கருத்து ஒலி நம் வாய்க்கு இணங்க வேண்டும் என்பது. அந்த வகையில் கியூ குற்றமற்றது. ககர இகரம் மொழிக்கு முதலில் வரும், ஊகாரம் ஈற்றில் வரும். குறை ஒலியில் இல்லை, பொருள் மயக்கத்தில் இருக்கிறது. ‘ஸ்டேண்ட்பை’தான் மெய்யில் தொடங்கி மெய்யோடு மெய் மோதி நிற்கிறது.

இசை ஆசிரியை, செவ்வாய் பிற்பகல்

வணக்கம். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் தேடும் சொல் எங்கள் வகுப்பில் நாள்தோறும் புழங்குகிறது: எடுப்பு.

தாளச் சுற்றில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடம் எடுப்பு. தாளமும் பாட்டும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு. பாட்டு முந்திக்கொண்டால் அதீதம், தாளம் தொடங்கிய பின் வந்தால் அனாகதம். கணமும் அதுதான், செயலும் அதுதான். ‘எடுப்பைத் தவறவிட்டாய்’ என்றால் எந்த மாணவிக்கும் விளக்க வேண்டியதில்லை. தமிழிசையில் பல்லவிக்கும் எடுப்பு என்றே பெயர், அனுபல்லவி தொடுப்பு, சரணம் முடிப்பு.

ஷோ காலர் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் ‘கோ’ என்று சொல்வது அடி விழும் நொடியிலா, அதற்கு முன்பா?

ஷோ காலர், செவ்வாய் இரவு

முன்பு. எப்போதும் முன்புதான். என் வாய் சொல்ல, அவர் காது வாங்க, விரல் அழுத்த, விளக்கு எரிய ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் போகிறது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு அரை நொடிதான். அடியில் சொன்னால் விளக்கு அடிக்குப் பின்னால் வந்து நிற்கும். திரை மெதுவாக எழ வேண்டுமென்றால் இன்னும் முந்த வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் கற்றுத்தரக் கடினமானது இதுதான். ‘அதீத எடுப்பு’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, இத்தனை ஆண்டுகளாகக் கையை ஆட்டி ஆட்டி விளக்கிய ஒன்றுக்குப் பெயர் கிடைத்தது போல இருந்தது.

பாட்டு டைம்கோடில் (கூடவே ஓடும் நேரக் குறியீட்டில்) ஓடினால் நொடிக்கு 25 அல்லது 30 பிரேம் என்று எண்ணிக் கருவியே கியூக்களைத் தட்டிவிடும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை. பேச்சாளர் எப்போது முடிப்பார் என்று கருவிக்குத் தெரியாது. அங்கே மனிதக் குரல்தான்.

எடுப்புக்கு என் வாக்கு.

புலவர், புதன் அதிகாலை

எடுப்பு என்றதும் தூக்கம் போய்விட்டது. ‘அடியெடுத்துக் கொடுத்தல்’ என்ற வழக்கை எப்படி மறந்தேன்! சேக்கிழாருக்கு ‘உலகெலாம்’ என்று இறைவன் அடியெடுத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். கந்தபுராணத்துக்குத் ‘திகட சக்கர’ என்று முருகன் எடுத்துக் கொடுக்க, ‘திகழ்’ என்பதோடு ‘தச’ சேர்ந்து ‘திகடச’ ஆவதற்கு விதி எங்கே என்று அவையில் தடை எழுந்ததாம். மறுநாள் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் காட்டித்தான் தடை நீங்கியது என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. தெய்வம் எடுத்த அடிக்கே புணர்ச்சி விதி கேட்ட மரபு நம்முடையது. ஆகவே நாம் நான்கு நாள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

மேடை என்று வந்துவிட்டதால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் பாருங்கள். எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம், இரண்டு வாயில் என்று அளந்து சொல்லிவிட்டு, ‘தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து’ என்கிறார் இளங்கோ. தூணின் நிழல் அரங்கில் விழாமல் வெளியே போகும்படி விளக்கு வைக்கிறார்கள். அங்கேயும் ‘எடுத்து’!

விளக்குக்காரர், புதன் காலை

ஐயா, அந்த வரியை அச்செடுத்து கன்சோலில் (விளக்குகளை இயக்கும் பலகையில்) ஒட்டியிருக்கிறேன். நேற்று முழுக்க ட்ரஸ் காலின் நிழல் பாடுபவர் முகத்தில் விழாமல் இருக்க இரண்டு விளக்கை இடம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

சொல் பற்றி: எடுப்பு நல்ல பெயர். ஆனால் அதையே கட்டளையாக ‘எடு’ என்று ஆக்கிவிடாதீர்கள். மேடையில் ‘எடு’ என்றால் தூக்கு. இரண்டு பேர் குனிந்து பெட்டியைத் தூக்குவார்கள். ‘விடு’வும் கூடாது. கயிறு பிடித்திருப்பவன் கையை விட்டுவிடுவான்.

‘போ’வும் வேண்டாம், இது நான் பட்டது. ஒரு நிகழ்ச்சியில் தமிழிலேயே சொல்வோம் என்று ‘கோ’வுக்குப் பதில் ‘போ’ வைத்துக்கொண்டோம். அடுத்து வர வேண்டியது முழு இருட்டு. எனக்கு ஸ்டேண்ட்பை கொடுத்தாயிற்று, விரல் பொத்தான் மேல். அதே சேனலில் வேறொருவர் மேடை ஏணிப்படியில் நின்ற பையனிடம் ‘சீக்கிரம் மேலே போ’ என்றார். நான் அழுத்திவிட்டேன். பையன் பாதிப் படியில், சுற்றிலும் இருட்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினான். இன்றும் நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது.

அதனால்தான் ‘கோ’ என்பதை ஹெட்செட்டில் வேறு எதற்கும் வாயில் எடுக்கக் கூடாது என்கிறோம். விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால்கூட ‘ஜி, ஓ’ என்று எழுத்துக் கூட்டித்தான் சொல்வோம். பேச்சில் தவிர்க்க முடியாத ‘போ’வை அந்த இடத்தில் வைக்க முடியாது.

புலவர், புதன் பிற்பகல்

‘கோ’ என்றே இருக்கட்டும். அது தமிழ்தான்! கோ என்பது கோத்தலின் ஏவல். ஊசியில் நூலைக் கோ, பூவைக் கோ. கோவை, கோப்பு, கோப்பை எல்லாம் அதன் வழி வந்தவை. ஒளியையும் ஒலியையும் ஆட்டத்தையும் ஒரே நொடியில் கோப்பதற்கு இதைவிடப் பொருந்தும் வினை ஏது?

பொறியாளர், புதன் மாலை

கோப்பை பாத்திரம், கோத்தலோடு சேராது ஐயா. அதை விட்டுவிடலாம். ஆனால் இது என்ன நியாயம்? ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதே ஓசையில் நம்மிடம் ஒரு வினை இருக்கிறது என்று தமிழ் முத்திரை குத்துகிறோம். அழுத்துபவர் மனதில் கோத்தலா ஓடும்? கடன் வாங்கினால் கடன் என்று ஒப்புக்கொள்வோம். அதுவே மொழிக்கு மரியாதை.

புலவர், புதன் இரவு

கோப்பை பற்றித் தம்பி சொன்னது சரி. பின்வாங்குகிறேன். கோத்தலில் பின்வாங்கவில்லை.

ஷோ காலர், வியாழன் காலை

பொறியாளர் ஐயா சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. கடன் என்றே எழுதுங்கள். எனக்கு வேண்டியது: ஓரெழுத்து, நெடில், வல்லினத்தில் தொடங்க வேண்டும், பேச்சில் தற்செயலாக வரக் கூடாது. ‘செய்’ என்று சொல்லிப் பார்த்தோம். அந்தச் சகரம் கூட்டத்தின் இரைச்சலிலேயே கரைந்துபோகிறது. ‘கோ’ நிற்கிறது.

ஸ்டேண்ட்பைக்குத் ‘தயார்’ போதும். நான் ‘விளக்கு 23 தயார்?’ என்றால் அவர் ‘தயார்’ என்பார். இப்போதே பல குழுக்களில் அப்படித்தான்.

ஒன்றில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள்: ஸ்டாப். ‘கோ’ ஒருவர்தான் சொல்லலாம். ‘ஸ்டாப்’ யார் வேண்டுமானாலும் சொல்லலாம், மேடையைப் பெருக்குபவர் உட்பட. மேலே மோட்டாரில் ஒரு டன் தொங்கும்போது, எந்த ஊர்க்காரர் சொன்னாலும் எந்த மொழிக்காரருக்கும் அந்த நொடியே புரிய வேண்டும். அங்கே தமிழ் பழக்க வேண்டாம்.

பொறியாளர், வியாழன் பிற்பகல்

ஸ்டாப்புக்கு நான் தடை சொல்லவில்லை. உயிர் சம்பந்தப்பட்டது. ‘தயார்’ இடத்தில் ‘அணியம்’ என்று அடைப்புக்குறிக்குள்ளாவது இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

நன்றி, நன்றி. பெரும்பான்மையாகத் தெரிவதை வைத்து இப்படி முடித்திருக்கிறேன். கியூ: எடுப்பு. கியூ ஷீட்: எடுப்புப் பட்டியல். முந்திச் சொல்வது: அதீத எடுப்பு, இதற்கு மட்டும் அரைப் பக்க விளக்கம் சேர்த்திருக்கிறேன். தயார், கோ, ஸ்டாப் மூன்றும் அப்படியே. கோ கடன்சொல் என்று ஒரு வரி. பொறியாளர் ஐயாவின் அணியம் அடைப்புக்குறியில் இருக்கிறது.

ஷோ காலருக்குத் தமிழ் கிடைக்கவில்லை. ‘கட்டியங்காரர்’ என்று புலவர் ஐயா தனிமடலில் எழுதினார். கட்டியங்காரர் அவையோர் பார்க்கப் பேசுபவர், இவரோ அவையோர் கண்ணிலேயே படாதவர். ‘எடுப்பாளர்’ என்று ஒரு கணம் எழுதி அழித்துவிட்டேன். இப்போதைக்கு ஷோ காலர்தான்.

பட்டியலில் ‘விளக்கு எடுப்பு 23’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுத இடமில்லை. ‘வி எ23’ என்று சுருக்கியிருக்கிறேன்.

பொறியாளர், வெள்ளி காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஏவலே சரி என்ற என் கருத்து மடற்குழுப் பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.

புலவர், வெள்ளி நண்பகல்

அம்மா, அச்சுக்குப் போகும் முன் ஒரு சொல். தமிழ் எண்களில் எகர வடிவம்தான் 7. ‘எ23’ என்பதை 723 என்று படிக்கும் கண்கள் இன்னும் சில இருக்கின்றன, என் கண்களும் அதில் சேர்த்தி. இருட்டில் சிறிய விளக்கொளியில் படிக்கும் தாள் அல்லவா?

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி மாலை

பார்த்தேன் ஐயா. ‘எ’வுக்கும் எண்ணுக்கும் நடுவே கோடு போட்டு ‘எ-23’ என்று எல்லா இடத்திலும் மாற்றிவிட்டேன். கோப்பு இப்போதுதான் அச்சகத்துக்குப் போனது.