‘நல்லூர் வீட்டார்’ குழு: கூரைக்கு வந்த மறுப்பு

[சனிக்கிழமை, இலண்டன் நேரம் பிற்பகல் 2:06]

சிவா: (படம்)

சிவா: எல்லோரும் பாருங்கள். எட்டு வாரத்தில் முடிவு சொல்வோம் என்றார்கள். அதையும் தாண்டி இழுத்தடித்து, இரண்டு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறது எங்கள் உள்ளூராட்சிக் கவுன்சில். மறுப்பு.

குமரன்: எதை மறுத்தார்கள் அண்ணா? கூரை அறையையா, யன்னலையா?

சிவா: இரண்டையும்.

ராசன் சித்தப்பா: எல்லோருக்கும் மாலை வணக்கம். தம்பி, அந்தப் படம் என் கைபேசியில் எறும்பு ஊர்வதுபோலத் தெரிகிறது. யாராவது எழுதிப் போடுங்கள்.

கீதா: மாமா, சுருக்கம் இதுதான். பின்கூரையில் முழு அகலத்துக்குப் பெட்டிபோலத் துருத்தி நிற்கும் யன்னல் கட்டு, அதாவது ஒரு டோர்மர் கட்டி, அதற்குள் ஓர் அறை எடுக்கக் கேட்டோம். முன்பக்க மர யன்னல்களைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் யன்னல் போடவும் கேட்டோம். எங்கள் தெரு கன்சர்வேஷன் பகுதிக்குள், அதாவது பழைய தோற்றத்தைப் பேணவேண்டிய பகுதிக்குள் வருகிறது. இரண்டும் அந்தப் பகுதியின் இயல்பையும் தோற்றத்தையும் கெடுக்கும் என்று எழுதியிருக்கிறார்கள்.

ராசன் சித்தப்பா: சொந்த வீட்டு யன்னலுக்கு அரசாங்கத்திடம் அனுமதியா? இங்கே நல்லூரில் பழைய மந்திரிமனை மாளிகை எங்கள் கண் முன்னாலேயே சிதைந்துகொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்க ஆளில்லை. அங்கே ஒரு யன்னலுக்கு இரண்டு பக்கக் கடிதம்.

சிவா: அதைத்தான் நானும் சொல்கிறேன் சித்தப்பா. இதே வரிசையில் நான்கு வீட்டுக்கு அந்தப் பக்கம் பூதம்போல ஒரு டோர்மர் நிற்கிறது. அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? கையெழுத்து வாங்கப் போகிறேன். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதப் போகிறேன்.

பத்மா மாமி: எழுதுங்கள் மருமகன். நானும் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இங்கே பக்கத்து வீட்டுக்காரன் வீட்டைப் பக்கவாட்டில் நீட்டப் போகிறானாம். முன் மதிலை உடைத்துக் கார் நிறுத்தப் போகிறானாம். எங்கள் தெருவும் கன்சர்வேஷன் பகுதிதான். எப்படி விடுவார்கள்?

குமரன்: ஆக, சிவா அண்ணாவுக்கு அனுமதி கொடுக்காதது அநியாயம். மாமியின் அயலவருக்குக் கொடுத்தால் அதுவும் அநியாயம். குழுவின் கொள்கை தெளிவாக இருக்கிறது.

பத்மா மாமி: நீ டொரொன்டோவில் இருந்துகொண்டு வாய் காட்டாதே.

[2:31]

அபிராமி: இப்போதுதான் பார்த்தேன். சிவா அண்ணா, முடிவுக் கடிதம் போதாது. அதிகாரி எழுதிய அறிக்கை கவுன்சிலின் இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணுக்குக் கீழே இருக்கும். அதை அனுப்புங்கள். காரணம் முழுவதும் அதில்தான் இருக்கும்.

அபிராமி: முன்பே சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது வேறு ஊர்க் கவுன்சிலில். உங்கள் கோப்பில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. தங்கையாகத்தான் பேசுகிறேன்.

சிவா: அனுப்பிவிட்டேன். வாசித்துவிட்டு நீயே சொல், இது நியாயமா என்று.

கீதா: அபிராமி, விண்ணப்பிக்க முதலே உன்னிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாரா என்று அவரிடமே கேள்.

[3:10]

அபிராமி: வாசித்தேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபிராமி: கன்சர்வேஷன் பகுதிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆம் பிரிவுதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். இப்படியான பகுதியில் எந்த விண்ணப்பத்தை முடிவு செய்தாலும், அந்த இடத்தின் இயல்பை அல்லது தோற்றத்தைப் பேணுவதற்கோ மேம்படுத்துவதற்கோ கவுன்சில் தனிக் கவனம் செலுத்தியே ஆகவேண்டும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்பதல்ல, கடமை. அதே நேரம், அழகு கூட்டினால்தான் அனுமதி என்று அவர்கள் சொல்லவும் முடியாது. ஒரு பாதிரியாருக்கு வீடு கட்டுவது தொடர்பாக சவுத் லேக்லண்டில் எழுந்த வழக்கு, 1992இல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வரை போனது. கெடுதல் செய்யாமல் இருந்தாலே பேணியதாகிவிடும் என்று அங்கே தீர்ப்பானது. எனவே உங்கள் விண்ணப்பத்தில் ஒரே கேள்விதான்: கெடுதல் உண்டா, இல்லையா?

சிவா: பின்கூரை அம்மா! முன்தெருவில் நின்றால் யாருக்கும் தெரியாது.

அபிராமி: பின்தெருவில் நின்றால் தெரியும். அறிக்கையில் படம் போட்டிருக்கிறார்கள். உங்கள் வரிசையில் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளின் பின்கூரை இன்னும் உடையாமல் ஒரே சரிவாக இருக்கிறது. இந்தப் பகுதியைப் பற்றிக் கவுன்சில் வெளியிட்ட மதிப்பீட்டு ஆவணத்தில் அதைத்தான் சிறப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பூத டோர்மர், பகுதி அறிவிக்கப்படுவதற்கு முன்பு கட்டப்பட்டது. அதையும் அறிக்கையில் எழுதி, ‘பின்பற்றத் தகாத உதாரணம்’ என்று முடித்துவிட்டார்கள்.

குமரன்: பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றியும் இப்படித்தான் எழுதினார்கள்.

சிவா: சரி, கெடுதல் என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவை எங்களோடு வைத்துப் பார்ப்பதற்காகத்தானே அறை கேட்டேன்? அதற்கு மதிப்பில்லையா?

அபிராமி: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள் அண்ணா. கெடுதல் சிறிதாக இருந்தாலும், அதை ஈடுசெய்யப் பொதுநன்மை ஒன்றைக் காட்டவேண்டும் என்று தேசியத் திட்டக் கொள்கை சொல்கிறது. உங்கள் வீட்டில் ஓர் அறை கூடுவது உங்களுக்கு நன்மை, ஊருக்கல்ல. அதிகாரிக்கு உங்கள் மேல் இரக்கம் இருந்திருக்கலாம், ஆனால் அதை வைக்கத் தராசில் தட்டு இல்லை. எனக்கும் இந்த இடம் பிடிப்பதில்லை. வயதான பெற்றோரைப் பார்ப்பதும் ஒருவகையில் ஊருக்கு நன்மைதானே என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனாலும் இப்படித்தான் முடிவாகிறது.

ராசன் சித்தப்பா: பிள்ளை, இந்தச் சட்டத்தை யார் கொண்டுவந்தது?

அபிராமி: அப்பா, முதலில் 1967இல் வந்தது. டங்கன் சாண்டிஸ் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அதே ஆண்டு லிங்கன்ஷயரில் ஸ்டாம்ஃபர்ட் நகரம் முதல் கன்சர்வேஷன் பகுதியானது.

ராசன் சித்தப்பா: சாண்டிஸா? சர்ச்சிலின் மகளைக் கட்டியிருந்தவர். பொதுநலவாய நாடுகளுக்கான அமைச்சராக இருந்த காலத்தில் எங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி பெயர் வரும். அவர் யன்னலையும் விட்டுவைக்கவில்லை என்பது இன்றுதான் தெரியும்.

பத்மா மாமி: அரண்மனையையும் கோயிலையும் பாதுகாக்கட்டும். சிவாவின் வீடு என்ன அரண்மனையா? வரிசை வீடு.

அபிராமி: வரிசை வீடுகளும் உண்டு மாமி. இலண்டன் டூட்டிங்கில் டொட்டர்டவுன் ஃபீல்ட்ஸ் இருக்கிறதல்லவா? 1901 முதல் 1911 வரை இலண்டன் கவுண்டி கவுன்சில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள். அதுவும் கன்சர்வேஷன் பகுதிதான். நம் ஆட்கள் கடைக்குப் போகும் வழியில் அதைக் கடந்துதான் போகிறார்கள், கவனிப்பதில்லை. தனியாக ஒரு வீடு பெரிதாகத் தெரியாது. வரிசையாக நிற்கும்போதுதான் அதற்கு மதிப்பு. ஒருவர் யன்னலை மாற்றினால் ஒன்றும் ஆகாது, பத்துப் பேர் மாற்றினால் தெருவே வேறாகிவிடும்.

சிவா: யன்னலுக்கு அனுமதியே தேவையில்லை என்று பில்டர் சொன்னார்.

அபிராமி: சாதாரண கன்சர்வேஷன் பகுதியில் அவர் சொன்னது பெரும்பாலும் சரி. உங்கள் தெருவுக்கு மேலதிகமாக ‘ஆர்ட்டிகிள் 4’ ஆணை இருக்கிறது. வீதியைப் பார்த்த முகப்பில் யன்னல், கதவு, மதில் எதை மாற்றினாலும் விண்ணப்பிக்கவேண்டும். பில்டர்கள் இதைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் சொல்வதில்லை.

சிவா: குளிரில் நடுங்கச் சொல்கிறாயா?

அபிராமி: இல்லை. இருக்கும் மர யன்னலைப் பழுதுபார்த்து, உள்பக்கமாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போடுங்கள். வீட்டின் உட்புறத்தில் கன்சர்வேஷன் பகுதிக்கு அதிகாரம் கிடையாது. தனியாகப் பாதுகாக்கப்படும் ‘பட்டியலிடப்பட்ட கட்டடம்’ என்றால்தான் உள்ளே கைவைக்கவும் அனுமதி வேண்டும். உங்கள் வீடு அதில் இல்லை.

கீதா: இது நல்ல யோசனை. தெருச் சத்தமும் குறையும்.

[3:48]

சிவா: கொஞ்சம் திருத்தி மறுபடி போடலாம்தானே? ஓராண்டுக்குள் இரண்டாவது விண்ணப்பம் இலவசம் என்று வேலையிடத்தில் சொன்னார்கள்.

அபிராமி: அந்தச் சலுகையை 2023 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். மறுபடியும் முழுக் கட்டணம். 2025 ஏப்ரலில் அது 528 பவுணாக ஏறியது.

சிவா: 528!

கீதா: அந்த ஏப்ரல் மாதத்துக்கு முன்பு போட்டிருந்தால் 258. அதையும் அப்போதே சொன்னேன்.

குமரன்: அண்ணி குறிப்பேடு வைத்திருக்கிறார்.

அபிராமி: மேன்முறையீட்டுக்குப் பணம் இல்லை. முடிவுக் கடிதத்தின் திகதியிலிருந்து 12 வாரத்துக்குள் பிரிஸ்டலில் இருக்கும் திட்ட ஆய்வாளர் அமைப்புக்கு அனுப்பவேண்டும். ஆனால் வீட்டு விண்ணப்பங்களில் வெல்பவர்கள் பாதிக்கும் குறைவு. இதே வரைபடத்தோடு போனால் ஆய்வாளரும் அந்தப் பின்தெருவில் நின்று மேலே பார்ப்பார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் போகமாட்டேன்.

சிவா: அப்படியென்றால் அம்மாவுக்கு அறை?

கீதா: இப்போது நான் ஒன்று கேட்கிறேன், எல்லோர் முன்னாலும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. அவரை எதற்காகக் கூரைக்கு ஏற்றவேண்டும்?

குமரன்: (கைதட்டல்)

பத்மா மாமி: மச்சாள் போன கிழமை என்னிடம் சொன்னார், படி ஏறும்போது பிள்ளையாரையே கூப்பிடவேண்டி இருக்கிறதென்று. அந்த அறை யாருக்கு மருமகன்?

கீதா: மேசையும் இரண்டு கணினித் திரையும் வாங்கி வைத்திருப்பவருக்கு.

சிவா: வீட்டிலிருந்து வேலை செய்வதும் குற்றமா?

அபிராமி: அண்ணி சொன்னதில் வழி இருக்கிறது. பெரியம்மாவுக்குக் கீழே கட்டுங்கள். உங்கள் வீடு இருபுறமும் ஒட்டியது. பின்பக்கம் ஒற்றைத் தட்டாக 3 மீட்டர் வரை நீட்டுவதற்குக் கன்சர்வேஷன் பகுதியிலும் விண்ணப்பம் தேவையில்லை. உயர விதிகள் உண்டு. வெளிச்சுவர் பழைய செங்கல்லோடு ஒத்திருக்கவேண்டும், மேலே சாந்து பூசக்கூடாது, மரப்பலகை அடிக்கக்கூடாது. மற்ற இடங்களில் அயலவருக்கு அறிவித்து 6 மீட்டர் வரை போகலாம். அந்த வசதி இங்கே இல்லை. உங்கள் ஆர்ட்டிகிள் 4 ஆணையை வாசித்துப் பார்த்தேன், பின்பக்கத்தைத் தொடவில்லை.

அபிராமி: எதற்கும் சட்டப்படியானது என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பக் கட்டணத்தில் பாதிதான். நாளைக்கு வீட்டை விற்கும்போது வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். அத்திவாரம் தோண்ட ஒரு மாதம் முன்பாகப் பக்கத்து வீடுகளுக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டியும் வரலாம். அது 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லை.

சிவா: என் திரைகள்?

அபிராமி: பின்கூரையில் சரிவோடு ஒட்டிய கண்ணாடி யன்னல்கள் போடலாம். கூரைத் தளத்திலிருந்து 15 சென்ரிமீட்டருக்கு மேல் துருத்தக்கூடாது. அதற்கும் திட்ட அனுமதி வேண்டாம், கட்டட விதிமுறை ஒப்புதல் மட்டும் வேண்டும். நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், ஓரத்தில் குனியவேண்டும்.

கீதா: குனிந்தால் நல்லது.

[4:20]

பத்மா மாமி: பிள்ளை, இனி என் விடயத்துக்கு வா. கடிதம் தயார். வீட்டு விலை இறங்கும், பூங்கா தெரியாமல் போகும், பில்டர் சத்தம், வாடகைக்கு ஆள் வைக்கப் போகிறான். இதை எல்லோருக்கும் அனுப்புகிறேன். ஆளுக்கொரு பிரதி கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். குமரன், நீயும்.

அபிராமி: மாமி, வேண்டாம். ஒரே கடிதம் பதினைந்து பிரதியாக வந்தாலும் அதிகாரி பார்ப்பது உள்ளே இருக்கும் காரணத்தைத்தான். டொரொன்டோவிலிருந்து வந்தால் சிரிப்பார். நீங்கள் எழுதிய நான்கு காரணங்களில் ஒன்றையும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். வீட்டு விலை, தனிப்பட்ட காட்சி, கட்டும்போது வரும் சத்தம், அவர் பிறகு என்ன செய்வார் என்ற ஊகம், எல்லாம் வெளியே.

பத்மா மாமி: பிறகு எதைத்தான் எடுப்பார்கள்?

அபிராமி: வரைபடத்தைப் பார்த்தேன். உங்கள் தெருவில் இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், சோடிக்குச் சோடி இடைவெளி. அந்த இடைவெளி வழியாகப் பின்பக்க மரங்கள் தெருவுக்குத் தெரிகின்றன. உங்கள் பகுதி மதிப்பீட்டில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. பக்கவாட்டில் நீட்டினால் அது அடைபடும். அதை எழுதுங்கள். முன் மதில், அதன் பின்னால் இருக்கும் செடிவேலி, அதை எழுதுங்கள். உங்கள் குசினி யன்னலுக்கு வெளிச்சம் குறைந்தால் அதையும் எழுதுங்கள்.

பத்மா மாமி: அந்தப் பேரிக்காய் மரத்தையும் வெட்டப் போகிறான் போலிருக்கிறது.

அபிராமி: நெஞ்சு உயரத்தில் தண்டின் விட்டம் 7.5 சென்ரிமீட்டருக்கு மேல் இருந்தால், வெட்டுவதற்கு ஆறு வாரம் முன்பு கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டும். பழத்துக்காக ஒழுங்காகக் கவ்வாத்து செய்வதென்றால் விலக்கு உண்டு. அறிவிக்காமல் வெட்டினால் வழக்கு வரலாம்.

பத்மா மாமி: கூட்டத்தில் எழுந்து பேசவும் நான் தயார்.

அபிராமி: பெரும்பாலானவை கூட்டத்துக்கே போவதில்லை. அதிகாரியே முடிவெடுப்பார். பெரும்பாலும் உங்கள் வட்டாரக் கவுன்சில் உறுப்பினர் கேட்டால்தான் குழுவுக்குப் போகும். போனாலும் பல இடங்களில் மூன்று நிமிடம்தான் தருவார்கள்.

ராசன் சித்தப்பா: பத்மா அக்காவுக்கு மூன்று நிமிடமா? வணக்கம் சொல்லவே போதாதே.

குமரன்: மாமி, ஒரு சந்தேகம். தமிழ் நாடகம் பார்க்க முன்சுவரில் பெரிய டிஷ் ஒன்று வைத்திருக்கிறீர்களே, 2009 கலியாணப் படத்திலும் தெரிகிறது. அதற்கு அனுமதி வாங்கினீர்களா?

கீதா: குமரன்!

[4:52]

அபிராமி: மாமி, பயப்படவேண்டாம். வீதியைப் பார்த்த சுவரில் டிஷ் வைக்க இப்படியான பகுதியில் அனுமதி வேண்டும், உண்மைதான். ஆனால் நான்கு ஆண்டு கடந்தால் கவுன்சில் நடவடிக்கை எடுக்கமுடியாது என்ற பழைய விதி உங்களைக் காப்பாற்றும். 2024 ஏப்ரல் 25 அன்றோ அதன் பிறகோ முடித்த வேலைகளுக்குத்தான் அது பத்து ஆண்டாகியிருக்கிறது.

பத்மா மாமி: நான் எங்கே பயந்தேன்? அடுப்பில் சோறு இருந்தது. ஆட்சேபணைக்குப் புதன்கிழமைவரைதான் நேரம். இரவைக்குப் புதுக் கடிதம் எழுதி உனக்கு மட்டும் அனுப்புகிறேன், குழுவில் போடமாட்டேன்.

கீதா: சிவா, பில்டருக்குச் செய்தி போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பின்வளவை அளக்க வருகிறார்.

சிவா: என்னைக் கேட்காமலா?

கீதா: அளக்கத்தானே வருகிறார்.