ஆல்-இன்-ஒன்னில் ப்ராசசர் மாற்றவே முடியாதாம்!

மன்னை ஜெராக்ஸ்:
நேற்று நம் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார். "ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் என்றால் டிவி மாதிரி, எல்லாம் திரைக்குப் பின்னாலேயே இருக்கும். அதன் மூளையான ப்ராசசரை போர்டிலேயே சால்டர் வைத்து ஒட்டியிருப்பான். ஒன்றும் மாற்ற முடியாது. ஸ்லோ ஆனால் எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். கேட்டதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சொல்கிறவருக்கென்ன, பணமா கொடுக்கப் போகிறார்?

மன்னார்குடியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். 2017இல் வாங்கிய ஆல்-இன்-ஒன், உள்ளே ஐ3-7100டி ப்ராசசர். பயிர்க் காப்பீட்டுக்குக் கூட்டம் வரும் நாளில் ஒரு அடங்கல் பிடிஎஃப் திறப்பதற்குள் வரிசையில் நிற்பவர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். போன மாதம் நானே திறந்துவிட்டேன். மேசையில் பழைய போர்வையை விரித்து, திரை கீழே இருக்கும்படி படுக்கவைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் ஓரத்தை நெம்பினால் பின்மூடி வந்துவிட்டது. பக்கத்தில் ரைஸ் மில். ஃபேன் இறக்கைக்கு நடுவே உமித் தூசி மெத்தை மாதிரி படிந்திருந்தது. அதில் இரண்டு பல்லி முட்டை வேறு. ப்ராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கைக் கழற்றினால், இடையில் தடவியிருந்த பேஸ்ட் விபூதி போல உதிர்கிறது. அதற்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? சாக்கெட், ப்ராசசரைக் கழற்றி மாட்டும் இருக்கை. 1151 வகை. சால்டரும் இல்லை, ஒட்டும் இல்லை. லீவரைத் தூக்கினேன், பழையதை எடுத்தேன், ஆறாயிரத்துக்கு வாங்கிய பழைய ஐ7-7700ஐ வைத்தேன், புது பேஸ்ட் தடவி மூடினேன். மானிட்டரில் உயிர் வந்தது. ஒரு மாதமாக ஓடுகிறது.

முடியாது என்று சொன்னவர் என் கடைக்கு வந்து பார்க்கட்டும்.

குடந்தை சர்வீஸ்:
தம்பி, 7700 என்றீர்கள். கடைசியில் டி உண்டா இல்லையா?

மன்னை ஜெராக்ஸ்:
இல்லை. டி போட்டது மெதுவாக ஓடும், அதை எதற்கு வாங்க வேண்டும்?

குடந்தை சர்வீஸ்:
அங்கேதான் வினை. கும்பகோணத்தில் 18 வருஷமாக இதே வேலை. உங்கள் பழைய 7100டி 35 வாட். டி போட்ட 7700ம் 35 வாட்தான். டி போடாத 7700 65 வாட். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் குழாயும் குட்டி ஃபேனும் 35 வாட் சூட்டை வெளியே தள்ளத்தான் செய்யப்பட்டவை. அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள், 19.5 வோல்ட், 4.62 ஆம்ப் என்று இருக்கும். பெருக்கினால் 90 வாட். 90இல் 65 போனால் மீதி 25. அந்த 25க்குள் திரை, ஃபேன், ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பியில் மாட்டிய கைரேகை மெஷின் எல்லாம் அடங்க வேண்டும். மூட்டை தூக்குகிறவர் தலையில் ஒன்றுக்கு இரண்டாக ஏற்றிவிட்டு "நடக்கிறார் பாருங்கள்" என்கிறீர்கள்.

மன்னை ஜெராக்ஸ்:
நடக்கிறாரே!

டெல்டா தம்பி:
இரண்டு அண்ணன்களுக்கும் வணக்கம். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஆல்-இன்-ஒன் எல்லாம் ஒரே வகை இல்லை. சிலவற்றில் டெஸ்க்டாப் ப்ராசசர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும், அதை மாற்றலாம். சிலவற்றில் யூ என்று முடியும் லேப்டாப் ப்ராசசர், அது போர்டோடு சால்டர் செய்தது. அந்தக் குரல் பதிவு யூ வகைக்குச் சரி, மன்னை அண்ணன் சொல்வது டி வகைக்குச் சரி. இன்னொன்று, 65 வாட் என்பது அது எப்போதும் இழுக்கும் கரண்ட் அளவு இல்லை. அடிப்படை வேகத்தில் முழு வேலை செய்யும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் கணக்கு. சும்மா இருக்கும்போது மிகக் குறைவு. டர்போவில், அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும்போது, சில நொடிகள் 65ஐயே தாண்டும்.

மாயவரம் ஸ்டுடியோ:
என்னிடம் இருப்பது ஐ3-7020யூ என்று காட்டுகிறது. தை பிறந்தால் கல்யாண ஆல்பம் வேலை வந்துவிடும். இதை மாற்றலாமா?

குடந்தை சர்வீஸ்:
தம்பியே சொல்லிவிட்டார், டர்போவில் 65ஐத் தாண்டுமாம். அப்போது மீதி 25கூட இல்லை. மன்னைக்காரருக்கு இது போதுமா?

மன்னை ஜெராக்ஸ்:
தம்பி "சும்மா இருக்கும்போது மிகக் குறைவு" என்றும் சொன்னாரே, அது கண்ணில் படவில்லையா? என் கடையில் மெஷின் பாதி நேரம் சும்மாதான் இருக்கிறது. நானும்தான்.

ஐயாறு:
விவாதத்துக்கு இடையில் மன்னிக்கவும். ப்ராசசர், ப்ராசசர் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். செயலி என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது.

மன்னை ஜெராக்ஸ்:
ஐயா, செயலி என்றால் என் கடைக்கு வருகிறவர்கள் போனில் இருக்கும் ஆப் என்று நினைக்கிறார்கள். "செயலியை மாற்றினேன்" என்றால் "எந்த ஆப் சார், எனக்கும் ஏற்றிக் கொடுங்கள்" என்பார்கள்.

ஐயாறு:
அப்படியானால் நுண்செயலி என்று எழுதுங்கள். ஆப்புக்குச் செயலி என்று பெயர் வைத்ததே பிழை. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

குடந்தை சர்வீஸ்:
நுண்செயலியோ பெருஞ்செயலியோ, 65 வாட் 65 வாட்தான் ஐயா. மன்னைக்காரரே, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வேலை ஓடும்போது சூடு எவ்வளவு, வேகம் எவ்வளவு?

மன்னை ஜெராக்ஸ்:
மறைக்க ஒன்றும் இல்லை. இருநூறு பக்க மலர் ஒன்றை பிடிஎஃப் ஆக்கும்போது பார்த்தேன். 97 டிகிரி. வேகம் 2.6.

குடந்தை சர்வீஸ்:
வந்ததா வெளியே! அந்த 7700இன் அடிப்படை வேகமே 3.6 கிகாஹெர்ட்ஸ். சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு 2.6க்கு இறங்கி நிற்கிறது. நீங்கள் "மெதுவாக ஓடும்" என்று ஒதுக்கினீர்களே, டி போட்ட 7700, அதன் அடிப்படை வேகம் 2.9. 2.9 பெரிதா, 2.6 பெரிதா? 65 வாட் வாங்கி, 35 வாட்டைவிட மெதுவாக ஓட்டுகிறீர்கள். கூடவே சூடும் இலவசம்.

மன்னை ஜெராக்ஸ்:
என் பழைய 7100டிக்கு இரண்டே கோர். இதற்கு நான்கு. நான்கு பேர் 2.6இல் நடந்தால், இரண்டு பேர் 3.4இல் ஓடுவதைவிட வேலை சீக்கிரம் முடியும். நாற்று நடவுக்கு ஆள் வைத்தவருக்கு இது தெரியும். கடைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

குடந்தை சர்வீஸ்:
எங்களுக்கும் சுவாமிமலைப் பக்கம் இரண்டு மா நிலம் இருக்கிறது. வேகம் கூடியது ப்ராசசரால் என்று யார் சொன்னது? உமித் தூசியைத் துடைத்தீர்கள், விபூதியாகிப்போன பேஸ்டை மாற்றினீர்கள். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டியும் போட்டீர்களா, உண்மையைச் சொல்லுங்கள்.

மன்னை ஜெராக்ஸ்:
போட்டேன். அதனால் என்ன?

குடந்தை சர்வீஸ்:
அதனால்தான் எல்லாம். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால் செத்த மெஷினும் எழுந்து உட்காரும். பிடிஎஃப் திறப்பதற்கு அதுவும் 8 ஜிபி ரேமும் போதும். என் கடைக்கு வந்திருந்தால் ப்ராசசரைத் தொடாமலே முடித்துக் கொடுத்திருப்பேன். ஆறாயிரம் மிச்சம்.

மன்னை ஜெராக்ஸ்:
ஆறாயிரம் மிச்சம், உங்கள் பில் எட்டாயிரம். இதைத்தான் அந்தக் காலத்திலேயே "கும்பகோணம் வேலை" என்றார்கள்.

குடந்தை சர்வீஸ்:
அந்தப் பேச்சை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். ராமானுஜன் படித்த ஊர் இது. டவுன் ஹைஸ்கூல் வாசலில் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள்.

மன்னை ஜெராக்ஸ்:
ராமானுஜன் படித்த ஊர்தான், யார் இல்லை என்றது? அவருக்கு எல்லாக் கணக்கும் வந்தது. உங்களுக்குக் கழித்தல் ஒன்றுதான் வருகிறது. 90இல் 65 போனால் 25. காலையிலிருந்து அதையே சொல்கிறீர்கள்.

குடந்தை சர்வீஸ்:
காலையிலிருந்து சொல்லியும் ஏறவில்லையே. 90இல் 65 போனால் 25.

கடைமடை:
இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், நான் நடுவில் ஒன்று சொல்கிறேன். மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கலாம். கல்லணையைத் திறந்து, நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் கதவைத் தூக்கிவிட்டால் மட்டும் போதுமா? பாமணி ஆற்றுக் கரை தாங்க வேண்டாமா? ப்ராசசர்தான் மேட்டூர், அடாப்டரும் ஃபேனும் ஆற்றுக்கரை. கரையைப் பலப்படுத்தாமல் தண்ணீரை அதிகம் விட்டால் உடைப்புதான். இதில் நான் குடந்தைக்காரர் பக்கம்.

ஐயாறு:
உவமை பிசகு. கரண்ட் வருவது அடாப்டரிலிருந்து. எனவே அடாப்டர்தான் மேட்டூர். நுண்செயலி என்பது வயல்.

கடைமடை:
ஐயா, அடாப்டர் மேட்டூர் என்றால் 90 வாட்டுக்கு மேல் திறக்கவே முடியாது. அப்போது கடைமடை காயும். எப்படிப் பார்த்தாலும் கஷ்டம் எங்களுக்குத்தான். ஜூன் 12இல் அணை திறந்தாலும் எங்கள் ஊருக்குத் தண்ணீர் வந்து சேரும் நாள் வேறு.

மன்னை ஜெராக்ஸ்:
பாமணிக் கரையைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதீர்கள். தினம் அதன் பாலத்தைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன்.

மாயவரம் ஸ்டுடியோ:
என் கேள்வி அப்படியே கிடக்கிறது. 7020யூ. மாற்றலாமா, கூடாதா?

டெல்டா தம்பி:
அக்கா, யூ என்றால் 15 வாட் வகை, போர்டோடு சால்டர் செய்தது. மாற்ற முடியாது. எஸ்எஸ்டி இல்லை என்றால் போடுங்கள், ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள். அவ்வளவுதான் செய்ய முடியும்.

மன்னை ஜெராக்ஸ்:
திறந்து பார்க்காமல் முடியாது என்று சொல்லக் கூடாது தம்பி. என்னிடமும் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள்.

டெல்டா தம்பி:
அண்ணே, திறந்து பார்த்தாலும் சால்டர் சால்டர்தான்.

குடந்தை சர்வீஸ்:
பாருங்கள், அக்காவின் மெஷினையும் கெடுக்கப் பார்க்கிறார். சரி, விண்டோஸுக்கு வாருங்கள். 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது. 11க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது இன்டெலில் 8ஆம் தலைமுறை முதல். நீங்கள் ஏழிலிருந்து ஏழுக்கே தாவியிருக்கிறீர்கள். ஆறாயிரம் கொடுத்து எந்தக் கரை ஏறினீர்கள்?

மன்னை ஜெராக்ஸ்:
அப்படியானால் 8ஆம் தலைமுறையைப் போட்டிருக்கலாமே. 8700ம் 1151 சாக்கெட்தானே?

குடந்தை சர்வீஸ்:
சாக்கெட் எண் ஒன்று, சங்கதி வேறு. அதற்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேண்டும். உங்கள் போர்டில் உட்காரும், ஆனால் எழுந்திருக்காது. நல்லவேளை, அதை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அதற்கும் ஒரு பதிவு போட்டிருப்பீர்கள்.

மன்னை ஜெராக்ஸ்:
என் மெஷினில் 11 ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி ஏற்றினேன் என்று கேட்காதீர்கள்.

குடந்தை சர்வீஸ்:
கேட்க வேண்டாம், தெரியும். செக்கிங்கைத் தாண்டுகிற குறுக்கு வழியில் ஏற்றியிருப்பீர்கள். ஒருநாள் அப்டேட் வராமல் நிற்கும்போது என் கடை வாசலில்தான் நிற்பீர்கள். அப்படி வந்தால், மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிண்டர் டோனர் நிரப்பிய 350 ரூபாய் பாக்கியையும் கொண்டு வாருங்கள்.

மன்னை ஜெராக்ஸ்:
ஓ, நீங்கள் அவரா! அந்த டோனர் நாற்பது பக்கத்தில் கறுப்புக் கோடு போட்டது. ஒருவர் ஜாதகத்தையே பாழாக்கினேன். கட்டம் எது, கோடு எது என்று ஜோசியருக்கே தெரியவில்லை. அதற்கு நான் 350 தர வேண்டுமா?

குடந்தை சர்வீஸ்:
கோடு போட்டது டிரம். டோனர் இல்லை. அன்றே சொன்னேன்.

கடைமடை:
ஜாதகக்காரருக்குக் கல்யாணம் ஆனதா?

மன்னை ஜெராக்ஸ்:
ஆகிவிட்டது. டோனர் சரியில்லை என்பது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

மாயவரம் ஸ்டுடியோ:
தம்பி, ரேம் ஸ்லாட் காலியா என்று எப்படிப் பார்ப்பது?

ஐயாறு:
ரேம் என்பதற்கு நினைவகம் என்று எழுதலாம்.

குடந்தை சர்வீஸ்:
மன்னைக்காரரே, பேச்சை மாற்றாதீர்கள். பெரிய பிடிஎஃப் ஒன்றை ஓடவிட்டு, பத்து நிமிஷம் கழித்து அடாப்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மன்னை ஜெராக்ஸ்:
தொட்டேன். சூடாகத்தான் இருக்கிறது. கையில் இருக்கும் டீ கிளாஸும் சூடாகத்தான் இருக்கிறது, அது ஒன்றும் வெடித்துவிடவில்லை.

குடந்தை சர்வீஸ்:
டீ கிளாஸில் 65 வாட் ஓடவில்லை. அடாப்டர் லேபிளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். 90 இல்லை, 120 என்று இருந்தால் இதே இடத்தில் தப்பு என்று எழுதுகிறேன்.

மன்னை ஜெராக்ஸ்:
நாளை போடுகிறேன். இப்போது கடையில் கரண்ட் இல்லை.

குடந்தை சர்வீஸ்:
கரண்ட் போனதா, போர்டு போனதா?