3-லிருந்து 2-க்கு இறக்கும்போது மட்டும் பல் உரசுது: கிளட்சா, கியர் பாக்ஸா?

சாலைப்புழுதி:
பெட்ரோல் ஹேட்ச்பேக், 5 கியர், கேபிள் கிளட்ச், 92,000 கி.மீ. ஓடியது. 3-லிருந்து 2-க்கு இறக்கினா "கர்ர்"னு சத்தம். காலையில இன்ஜின் சூடாகிறதுக்கு முன்னாடி ரொம்ப மோசம். மத்த கியர் எல்லாம் சுத்தமா விழுது. கியர் ஆயில் எப்ப மாத்தினதுன்னு தெரியல. மெக்கானிக் கியர் பெட்டியை இறக்கணும்ங்கிறார். அதுக்கு முன்னாடி என்ன பார்க்கலாம்?

பல்சக்கரம்:
இப்போதைக்கு இறக்க விடாதீங்க. முதல்ல ரிவர்ஸ் போட்டுப் பாருங்க. வண்டி நிக்கட்டும், இன்ஜின் ஐடிலிங்ல ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதிச்சு, அஞ்சு விநாடி பொறுத்து ரிவர்ஸ். பல சின்ன கார்கள்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பல் சேர்றதுக்கு முன்னாடி வேகத்தை ஒத்துப்போக வைக்கிற ரிங் அமைப்பு) கிடையாது. கிளட்ச் இன்ஜினை முழுசா பிரிக்கலைன்னா இன்புட் ஷாஃப்ட் (கியர் பெட்டிக்குள்ள போற தண்டு) சுத்திக்கிட்டே இருக்கும், ரிவர்ஸ் கத்தும். கத்தினா பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யறதுக்கு முன்னாடி பெடல் சும்மா இறங்குற தூரம்) அளந்து பாருங்க. கேபிள் கிளட்ச்ல பொதுவா 15 முதல் 25 மி.மீ.; அதுக்கு மேல இருந்தா கேபிள் நட்டை இறுக்கினாலே தீரலாம்.

ரிவர்ஸ் அமைதியா விழுந்தா கிளட்ச் சரி, அடுத்தது டபுள் கிளட்ச், அதாவது சிங்க்ரோ செய்யற வேலையை நீங்களே செய்யறது. 3-லிருந்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசா தட்டு, மறுபடி மிதிச்சு 2. சத்தமில்லாம விழுந்தா 2-ம் கியர் சிங்க்ரோ ரிங்தான்.

சாலைப்புழுதி:
ரிவர்ஸ் அமைதி. டபுள் கிளட்ச்ல 2-ம் சுத்தமா விழுது.

பல்சக்கரம்:
அப்ப ரிங்தான். அதோட உள்பக்கம் இருக்கிற நுண்ணிய மரைதான் கோன் (கியரோட கூம்பு மாதிரி பக்கம்) மேல உள்ள ஆயில் படலத்தை வெட்டிப் பிடிக்கும். மரை தேஞ்சா வழுக்கும். குளிர்ந்த கெட்டி ஆயில்ல இன்னும் வழுக்கும். உங்க காலை நேரத்துச் சத்தம் அதனாலதான்.

எண்ணெய்க்கை:
எப்படியும் ஆயிலை வடித்துப் பாருங்கள். நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கும் பிளக்கில் கை வையுங்கள். வடித்த பிறகு நிரப்பும் பிளக் சிக்கிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காந்த பிளக்கில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. ஆயிலில் தங்க நிறத் துகள் மின்னினால் பித்தளை ரிங் கரைகிறது. இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அதன்பின் ஓட்டக்கூடாது.

கையேட்டில் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள். பெரும்பாலும் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தர வகை), 75டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-80 (கெட்டித்தன்மை அளவு). ஜிஎல்-5 "உசத்தி" என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம். பல ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். இந்த அளவு கார்களுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். தேய்மானம் ஆரம்ப நிலையில் இருந்தால் சத்தம் குறையும். தேய்ந்த ரிங் திரும்ப வளராது.

பல்சக்கரம்:
பெட்டியை இறக்கினா ரிங்கை மட்டும் மாத்தி மூட விடாதீங்க. 2-ம் கியரோட டாக் பல்லும் (கியர் பக்கத்துச் சின்னப் பல்), அதோட வந்து சேர்ற நகரும் வளையமான ஸ்லீவோட பல்லும் முனை கூரா இருக்கான்னு பார்க்கணும். மழுங்கியிருந்தா புது ரிங் போட்டாலும் சத்தம் திரும்ப வரும். ரிங்கை கோன்ல அழுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வெச்சு சுத்திலும் இடைவெளி அளக்கணும். பல பெட்டிகள்ல 0.5 மி.மீ.க்கு கீழ போனா ரிங் அவ்வளவுதான். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆக்சில் ஆயில் சீல் மூணையும் அப்பவே பார்த்திடுங்க, கூலி ஒண்ணுதான்.

எண்ணெய்க்கை:
அதுவரை டபுள் கிளட்ச் போட்டே ஓட்டலாம். சத்தத்தோடு லீவரைத் திணிப்பதுதான் அந்த டாக் பல்லைத் தின்பது.