உதவி: எக்ஸ்சேஞ்ச்ல அனுப்புன புக் போய்ச் சேரல, பாயிண்டை பிடிச்சு வச்சிட்டாங்க

வைகைக்கரை: வணக்கம் மக்களே, ஒரு புக் எக்ஸ்சேஞ்ச் குரூப்ல சேர்ந்து என்கிட்ட இருந்த பொன்னியின் செல்வனை அனுப்பிட்டேன், அந்தப் பக்கம் வரவே இல்லைங்கறாங்க, டிராக்கிங் நம்பர் போட்டுப் பாத்தா ஒண்ணும் காட்டல, அட்மின் வேற என் பேருக்கு நேரா சிவப்புக் குறி போட்டு, புக் அனுப்புனதுக்குக் கிடைக்கற பாயிண்டையும் பிடிச்சு வச்சிட்டாரு, எனக்கு வர வேண்டிய புக்கும் அதனால நிக்குது. என்ன பண்றது? அவசரம்

கொங்கு வாசகி: எதுல அனுப்புனீங்க, தபாலா கூரியரா? எந்த ஊருக்குங்க? எப்போ? எதையும் சொல்லாம அவசரம்னா நாங்க ஜோசியமா பாக்க முடியும்

காகிதப்பூச்சி: அஞ்சு பாகமுமா, ஒரு பாகமா?

திண்ணை வாத்தியார்: இதே கேள்வி மாசத்துக்கு நாலு வருது. மேல பின் பண்ணி வச்சிருக்கறதை ஒருத்தரும் படிக்கறதில்ல. புத்தகம்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்கன்னு கரடியா கத்தியாச்சு. பத்து ரூபா மிச்சம் பிடிக்கப் போனா இப்படித்தான்.

மெயில்வண்டி: சார், ரிஜிஸ்டர் தபாலை 2025லயே ஸ்பீட் போஸ்டோட சேர்த்துட்டாங்க. மொதல்ல உங்க பின்னை மாத்துங்க 😀

திண்ணை வாத்தியார்: பேர் மாறினா என்ன, நான் சொன்ன விஷயம் மாறல.

வைகைக்கரை: தபால்தாங்க. கவுன்டர்ல கியான் போஸ்ட்னு, புக் அனுப்புற மலிவுத் தபாலாம், அதுல போட்டுக் குடுத்தாங்க. ஓசூருக்கு. அஞ்சு பாகமும் ஒரே கட்டு

ஊர்சுத்தி: ப்ரோ, அவரு வாங்கிட்டாரு. வாங்கிட்டு வரலைன்னு சொல்றது இந்த குரூப்புகள்ல பழைய டெக்னிக். அவர் ப்ரொஃபைல்ல எத்தனை புக் வெளிய போயிருக்கு, எத்தனை உள்ள வந்திருக்குன்னு பாருங்க, வந்தது மட்டும் எகிறி நின்னா ஆள் அப்படித்தான்

கொங்கு வாசகி: பாக்காத ஆளைத் திருடன்னு சொல்லாதீங்க. இன்னும் எப்போ அனுப்புனாருன்னே நமக்குத் தெரியாது.

காகிதப்பூச்சி: நாவலை கியான் போஸ்ட்ல எடுக்கவே கூடாதே, அது பாடப் புத்தகத்துக்குத்தானே? நடுவுல எங்கயாவது திருப்பி விட்டிருப்பாங்க. என் சந்தேகம் அதுதான்.

மெயில்வண்டி: அப்படி இல்ல. 2025 மே 1ல ஆரம்பிச்சது அது. 300 கிராம் வரைக்கும் 20 ரூபா, அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100, வரி தனி. பாடப் புத்தகம் மட்டும்னு இல்ல, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகமும் போகலாம். வாரப் பத்திரிகை, விளம்பரச் சரக்குதான் கூடாது. நாவல் பண்பாடா இல்லையாங்கறதை அந்த கவுன்டர்ல உக்காந்திருக்கறவர்தான் முடிவு பண்ணுவாரு, இவருக்குத்தான் ரசீதே குடுத்துட்டாங்களே. அது ரோட்டு வழி, ரயில் வழி போற தபால், ஸ்பீட் போஸ்ட் வேகத்தை எதிர்பார்க்காதீங்க. வைகைக்கரை, நம்பர் 13 இடம் இருக்கணும், முன்னாடி ரெண்டு எழுத்து, நடுவுல ஒம்பது இலக்கம், கடைசில ஐஎன். அந்த ரசீது மை வேற லேசா இருக்கும், 8ம் 3ம் ஒண்ணு போலத் தெரியும், வெளிச்சத்துல வச்சு திரும்ப அடிச்சுப் பாருங்க. நம்பரை இங்க போடாதீங்க. ரசீதை போட்டோ எடுத்து அட்மினுக்கு அனுப்புனா அவர் குறியை எடுத்துத்தான் ஆகணும், தேதி அதுல இருக்கு.

ஊர்சுத்தி: அட்மினே அவங்க ஆளா இருந்தா?

காகிதப்பூச்சி: அதெல்லாம் இருக்கட்டும், அஞ்சு பாகம் குடுத்து ஒரு புக்கா வாங்குறீங்க? அநியாயம்ங்க

திண்ணை வாத்தியார்: ஒரு நாவல், ஒரு புத்தகம். இதுல கணக்கு என்ன.

காகிதப்பூச்சி: தூக்கிட்டுப் போய் அனுப்பிப் பாருங்க வாத்தியாரே, கை சொல்லும் அது ஒண்ணா அஞ்சான்னு. தபால் செலவு யாரு குடுத்தது?

நெய்தல்: நான் புக்மூச்ல இருந்தப்ப இந்தச் சண்டையே வராது. 2006ல வந்த புக் எக்ஸ்சேஞ்ச் சைட் அது. ஒரு புக் அனுப்புனா ஒரு பாயிண்ட், வெளிநாட்டுக்குன்னா மூணு. தூரமா அனுப்புறவனுக்குக் கூடக் கொஞ்சம் கிடைக்கும். இந்த குரூப்புகள்ல எடைக்கு பாயிண்ட் வச்சா என்னவாம்?

திண்ணை வாத்தியார்: எடைக்குப் போடறது பழைய பேப்பர் கடை. இலக்கியத்துக்கு இல்லை.

கொங்கு வாசகி: எடையை விட எந்தப் பதிப்புங்கறதுதான் முக்கியம். கல்கி எழுத்தெல்லாம் நாட்டுடைமை, யார் வேணா அச்சடிக்கலாம். மலிவுப் பதிப்புல அஞ்சு பாகத்தையும் ஒரே குண்டு புக்கா போட்டதும் உண்டு, எழுத்து எறும்பு மாதிரி, முதுகு பிரிஞ்சு நூல் தொங்கும். அதையும் கெட்டி அட்டை போட்ட நல்ல செட்டையும் ஒரே பாயிண்ட்ல வச்சா எப்படிங்க? லிஸ்ட் போடறப்பவே முதுகுப் பக்கத்தை ஒரு போட்டோ போடச் சொல்லணும்.

காகிதப்பூச்சி: பென்சில்ல அடிக்கோடு போட்டதையும் சொல்லணும்

நெய்தல்: எனக்கு அடிக்கோடு போட்ட புக்தான் பிடிக்கும்

திண்ணை வாத்தியார்: அதுக்கு நூலகத்துல கிழிக்கறவங்களையே பாராட்டிடுங்க.

வைகைக்கரை: கிடைச்சிருச்சாம். அவங்க ஊருக்குப் போயிருந்தாங்க, வீடு பூட்டியிருந்ததால போஸ்ட் ஆபீஸ்ல இருந்துருக்கு. குறியை எடுத்துட்டாங்க. நன்றி எல்லாருக்கும்

மெயில்வண்டி: நம்பர் ஏன் காட்டல? திரும்ப அடிச்சுப் பாத்தீங்களா?

ஊர்சுத்தி: எந்தப் புக் வாங்குனீங்கன்னு சொல்லவே இல்லையே ப்ரோ

காகிதப்பூச்சி: போயிட்டாரு. வாத்தியாரே, அடிக்கோடு போடறதும் கிழிக்கறதும் ஒண்ணா?